சின்னண்ணனின் மௌனம்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கும் ஆம்பூர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும் என்று ஒரு காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையை ஒட்டி நீளும் இந்தத் தோல் மண்டலத்தில் எதற்கும் ஒரு கணக்கு உண்டு. தோலுக்கு எடைக் கணக்கு. பதனிட்ட தோலுக்குச் சதுர அடிக் கணக்கு. காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைக்கும் பெண்ணுக்கு மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கு. பொருளாதாரம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இந்த மண்டலம் ஒரு திறந்த பாடநூல்.

அந்தப் பாடநூலுக்குள் அடங்காத ஓர் இடமும் இங்கே உண்டு. திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிறிஸ்துகுல ஆசிரமம் அது. பல ஆண்டுகளுக்கு முன், தோல் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுக்க மாணவர்களை அழைத்துச் சென்ற ஒரு நாளின் மாலையில் அங்குச் சற்று அமர நேர்ந்தது. யாரும் பேசவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. அரை மணி நேரம் வீணாயிற்றே என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தவறு என்று விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. விளங்க வைத்தது, ஆசிரமத்தை நிறுவிய இருவரில் ஒருவரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனின் வாழ்க்கை.

பேட்டன் 1891-இல் ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் பிறந்தார். கம்பளி நூல் நூற்புத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பம் அவருடையது. கையால் பின்னுவதற்கான கம்பளி நூலுக்கு அக்குடும்பத்தின் பெயர் இன்றும் உலகச் சந்தையில் வணிகப் பெயராக வழங்குகிறது. 1920-இல் அந்த நிறுவனம் ஹாலிஃபாக்ஸ் நகரின் பால்ட்வின் நிறுவனத்தோடு இணைந்து, பிரிட்டனின் மிகப்பெரிய நூல் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அந்த இணைப்பு நடந்த மறு ஆண்டில், அக்குடும்பத்தின் வாரிசான பேட்டன் திருப்பத்தூரில் கதராடை அணிந்து தரையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்.

இந்த முடிவு ஒரே நாளில் விளைந்ததன்று. 1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னார். மேலைநாட்டு மிஷனரிகள் இந்தியாவுக்குப் பொருளும் உழைப்பும் தந்திருக்கிறார்கள், ஏன், உயிரையே தந்திருக்கிறார்கள். ஆனால் நட்பைத் தரவில்லை என்பதே அவருடைய முறையீட்டின் சாரம். இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அவர், அன்று கேட்டது நண்பர்களை. அரங்கில் இருந்த பலருக்கு அது கசந்தது.

அந்த முறையீட்டுக்கு உண்மையான விடை, சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் இருவர் சந்தித்தபோது உருவானது எனலாம். ஒருவர் பேட்டன், மற்றவர் அவரைவிட ஒன்பது ஆண்டுகள் மூத்தவரான சவரிராயன் இயேசுதாசன். இருவரும் மருத்துவம் பயின்றவர்கள். இந்தியாவில் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்று இருவரும் விரும்பினர். ஆனால் அக்கால மிஷன் அமைப்புக்குள் அது எளிதாக இல்லை. ஐரோப்பிய மிஷனரிக்கு ஒரு ஊதியம், இந்திய ஊழியருக்கு வேறு ஊதியம். அவருக்குப் பங்களா, இவருக்குச் சிறு வீடு. முடிவெடுப்பவர் அவர், நிறைவேற்றுபவர் இவர். ஒரே தகுதி பெற்ற இரு மருத்துவர்கள் ஒரே பந்தியில் அமர்வதற்குக்கூட அந்த அமைப்பில் இடம் தேட வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் அதற்கு வெளியே வந்தார்கள்.

வட ஆர்க்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் அவர்கள் நிறுவியது, சீர்திருத்தத் திருச்சபை மரபில் இந்தியாவில் எழுந்த முதல் ஆசிரமங்களுள் ஒன்று. கிறிஸ்த சேவா சங்கம் தோன்றியது 1922-இல். ஸ்டான்லி ஜோன்ஸின் சாத்தால் ஆசிரமம் 1930-இல். குளித்தலைக்கு அருகில் மோன்சானினும் லெ சோவும் அமைத்த சாந்திவனம் 1950-இல். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகத் திருப்பத்தூர் நின்றது. முழு உறுப்பினர்களுக்கு மணவாழ்க்கை இல்லை, ஊதியம் இல்லை, கதராடை, சைவ உணவு, ஒரே பந்தி. பேட்டனின் குடும்பச் செல்வம் ஆசிரமத்தின் மருத்துவமனையாகவும் கட்டடங்களாகவும் மாறியது. அங்கே மூத்தவர் இயேசுதாசன் பெரியண்ணன் ஆனார். இளையவர் பேட்டன் சின்னண்ணன் ஆனார். துரை என்று அழைக்கப்பட வேண்டியவர் சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டதில் ஒரு சமூக வரலாறு அடங்கியிருக்கிறது.

ஆசிரமத்தின் நாள், மௌனத்தில் தொடங்கியது. அதிகாலையில் தனித் தியானம், காலையிலும் மாலையிலும் கூட்டு வழிபாடு, நடுப்பகலில் பிறருக்காக வேண்டுதல் என்று பொழுது வகுக்கப்பட்டிருந்தது. தமிழ்க் கீர்த்தனைகள் உண்டு. வேத வாசிப்பு உண்டு. ஆனால் அவற்றின் அடியில் பேசாமல் அமர்ந்திருக்கும் பழக்கம் ஓடியது.

இது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு எளிதில் வந்திருக்கக்கூடியதன்று. அவர் வளர்ந்த சீர்திருத்தத் திருச்சபை, சொல்லின் மீது கட்டப்பட்டது. பிரசங்கம், விளக்கம், வாய்விட்டுச் செய்யும் நீண்ட ஜெபம் ஆகியவையே அதன் வழிபாடு. நம் ஊர்ச் சபைகளும் அந்த மரபின் பிள்ளைகளே. ஜெபம் என்றால் கடவுளிடம் பேசுவது என்றுதான் ஞாயிறு பள்ளியில் எனக்கும் கற்பித்தார்கள். பேசி முடித்தபின் என்ன செய்வது என்று யாரும் கற்பிக்கவில்லை.

ஆனால் கிறிஸ்தவ மரபின் மிகப் பழைய அடுக்கிலேயே மௌனம் இருக்கிறது. ஓரேப் மலையில் எலியா, பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணாத இறைவனை அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய அமைதியில் உணர்ந்தார். இருட்டோடு எழுந்து தனியிடம் சென்று இயேசு ஜெபித்ததை மாற்கு நற்செய்தி தன் முதல் அதிகாரத்திலேயே பதிவு செய்கிறது. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைநிலத் துறவிகள் அதை ஒரு பயிற்சியாக வளர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலாவின் தெரேசா அதன் படிநிலைகளை எழுதினார். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள் வழிபாட்டையே மௌனமாக்கினார்கள். ஆசிரமம் இந்த மரபைப் புதிதாக உருவாக்கவில்லை. தமிழ் நிலத்தில் அதற்கு ஒரு திண்ணை போட்டுக் கொடுத்தது.

திண்ணை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோனத்தைப் பாடிய தாயுமானவரின் மொழி இது. ஆசிரமம் வேர்பிடித்த அதே காலத்தில், ஜவ்வாது மலைக்கு அப்பால் திருவண்ணாமலையில் ரமணர் பெரும்பாலும் பேசாமலே கற்பித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைகளைக் காந்தியடிகள் மௌன நாளாக வைத்திருந்தார். அவரோடு பேட்டனுக்குக் கடிதத் தொடர்பும் இருந்தது. பேசாமல் இருப்பவரை வேலையற்றவர் என்று எண்ணாத ஒரு சமூகத்துக்குள் வந்ததால்தான் பேட்டனால் தன் மரபின் மறந்துபோன அறையைத் திறக்க முடிந்தது என்பது என் எண்ணம்.

1930-களில் எழுந்த ஜெபாலயம் இதன் கல் வடிவம். திராவிடக் கோயிற்கலையைத் தழுவிக் கோபுரத்தோடும் தூண்களோடும் கட்டப்பட்ட கிறிஸ்தவ வழிபாட்டு இடம் அது. கூர்முனைக் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் வரிசை பெஞ்சுகளுமே தேவாலயத்தின் அடையாளம் என்று இருந்த நாளில், அது துணிவான செயல். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது தரை. பெஞ்சு இருக்கும் இடத்தில் முன்வரிசை உண்டு. முன்வரிசை இருந்தால் அதற்கு உரியவரும் உண்டு. தரையில் அமரும்போது ஆலை முதலாளியின் மகனுக்கும் அறுவடைக் கூலிக்கும் ஒரே உயரம்.

மௌன ஜெபம் என்பது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். முதுகு நேராக அமர வேண்டும். மூச்சு தன் போக்கில் போகட்டும். ஒரு சிறு சொல்லையோ இயேசுவின் பெயரையோ மனத்தில் வைத்துக்கொள்ளலாம். எண்ணங்கள் வரும், கடன், பிள்ளைகள், முன்தினம் யாரோ சொன்ன கடுஞ்சொல் எல்லாம் வரும். அவற்றோடு மல்லுக்கு நிற்காமல் மீண்டும் அந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டும். அரை மணியில் நூறு முறை திரும்ப நேர்ந்தாலும் அது தோல்வியன்று. திரும்புவதே அந்த ஜெபம். கேட்பதற்கு எதுவும் இல்லாமல் ஒருவர் முன் அமர்ந்திருக்கக் கற்பது அது. பெற்ற தாயின் அருகில் அப்படித்தானே அமர்கிறோம்?

இந்தப் பயிற்சி பேட்டனை உலகிலிருந்து விலக்கியதா என்று பார்க்க வேண்டும். ஆசிரமத்தின் மருத்துவமனை ஏழைகளுக்காக நடந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்குச் சாதி பார்க்காமல் சிகிச்சை கிடைத்தது. மருத்துவத்தில் பாதி, கேட்பது. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கும் முன்னரே மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். விடியற்காலையில் பேசாமல் இருந்து பழகியவர், பகலில் பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறார். மௌனத்தின் முதல் பயன் இவ்வளவு எளியதுதான்.

அதன் கடினமான பயன் 1932-இல் வெளிப்பட்டது. சட்டமறுப்பு இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், சென்னையில் அந்நியத் துணி விற்கும் கடைகளுக்கு முன் மறியல் நடந்துகொண்டிருந்தது. அங்கே கதராடையில் நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தனர், வண்ண நீரைப் பீய்ச்சி நனைத்தனர், கைது செய்தனர். வெள்ளையர் ஒருவர், அதுவும் ஒரு மருத்துவ மிஷனரி, கதர் உடுத்தியதற்காக இப்படி நடத்தப்பட்டார் என்ற செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. பின்னர் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

ஒரு பொருளாதாரப் பேராசிரியன் இந்தக் காட்சியை எளிதில் கடந்து போக முடியாது. பிரிட்டனின் நூல் ஆலைகளில் விளைந்த செல்வத்தின் வாரிசு, பிரிட்டனின் துணியை விற்கும் கடைக்கு முன், இந்தியக் கைராட்டை நூலை உடுத்தியதற்காக அடி வாங்குகிறார். உடைமை வர்க்கத்தில் பிறந்தவர் தன் வர்க்க நலனுக்கு எதிராக நிற்பது பற்றி வகுப்பறைகளில் நாங்கள் பல கோட்பாடுகளைப் பேசியிருக்கிறோம். நலன் மாறினால் நடத்தை மாறும் என்பது எங்கள் பாடம். ஆனால் எது எனக்கு நலம் என்ற எண்ணமே ஒருவருக்குள் மாறுவது எப்படி என்பதற்கு எங்கள் பாடநூலில் விடை இல்லை. அன்றாடம் அதிகாலையில் எதையும் கேட்காமல், எதையும் சாதிக்காமல் அமர்ந்த அந்த நேரத்தில்தான் அந்த மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். பேட்டன் வெள்ளையர், செல்வர், மருத்துவர். மூன்றுமே பிறரைப் பேசாமல் கேட்க வைக்கும் தகுதிகள். மூன்றும் உடைய ஒருவர் வாயை மூடிக்கொண்டு தரையில் அமர்வது, சமத்துவத்தின் முதல் செயல்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வியை மறைத்துவிட்டுப் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். தோல் மண்டலத்தில் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களுக்கு மௌனம் ஒரு பயிற்சியாக வரவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்டனையாக வந்தது. 1980-களில் தலித் இறையியல் எழுந்தபோது, ஆசிரம மரபு உயர்சாதிச் சமயத்தின் உடையையும் உணவையும் அமைதியையும் கடன் வாங்கி அதையே இந்தியம் என்று கொண்டாடியது என்ற விமர்சனம் வலுவாக வைக்கப்பட்டது. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, மக்கள் இசையையும் நாட்டார் மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவரை மக்கள் பரட்டை அண்ணன் என்று அழைத்தார்கள். பேச விடாமல் வைக்கப்பட்டவரிடம் போய்ப் பேசாமல் இருங்கள் என்று சொல்வது எந்த வகை ஆன்மிகம் என்ற கேள்விக்கு ஆசிரமங்களிடம் ஆயத்த விடை இல்லை.

என் பட்டறிவும் அதையே சொல்கிறது. கணக்கெடுக்கச் சென்ற அந்நாளில், சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்துக் கைகள் வெந்துபோன ஒரு முதியவர், யாரும் இதுவரை எங்களை எதுவும் கேட்டதில்லை என்ற பொருளில் நெடுநேரம் பேசினார். அவருக்கு அன்று தேவைப்பட்டது மௌனம் அன்று. அவர் பேசும்போது மௌனமாக இருக்கக்கூடிய ஒருவர். நானோ வினாத்தாளின் அடுத்த கேள்விக்குத் தாவிக்கொண்டிருந்தேன். எனவே பரட்டை அண்ணனின் பறையும் சின்னண்ணனின் மௌனமும் ஒன்றையொன்று மறுப்பவை என்று எனக்குத் தோன்றவில்லை. அதிகம் பேசியவர்களுக்கு மௌனம். பேச விடப்படாதவர்களுக்குப் பறை. நாம் இரண்டில் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று முதலில் அறிந்துகொள்வதே ஜெபத்தின் தொடக்கம்.

1969-இல் பெரியண்ணன் மறைந்தார். அடுத்த ஆண்டே சின்னண்ணனும் மறைந்தார். பிற்காலத்தை அவர் பெரிதும் கோத்தகிரியில் கழித்தார். அவர்கள் விரும்பிய அளவுக்கு ஆசிரமத்துக்கு வாரிசுகள் திரளவில்லை. மணவாழ்க்கையையும் ஊதியத்தையும் துறந்து, தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்ற விருப்பமும் இல்லாமல் வாழ முன்வருவோர் எந்தத் தலைமுறையிலும் சிலரே. கல்லூரிகளையும் பெரிய மருத்துவமனைகளையும் நிறுவியவர்களின் பெயர்கள் நம் மாவட்டங்களில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றன. மௌனத்தை நிறுவியவர்களின் பெயரை ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? அதைத் தோல்வி என்று எழுதவும் என் கை வரவில்லை. ஈவுத்தொகை தராத முதலீடு எல்லாம் நட்டம் என்று எண்ணிய காலம் எனக்கும் இருந்தது.

அதற்குப் பின் இந்த மண்டலம் வெகுவாக மாறிவிட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இடத்தில் குரோமியம் வந்தது. பாலாற்றின் நிலத்தடி நீர் கெட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை வேலூர் வழக்கில் வலியுறுத்தியது. 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்குள் வந்தன. சபைகளும் மாறிவிட்டன. ஒலிபெருக்கி இல்லாத ஜெபக்கூட்டம் அரிதாகிவிட்டது. எவ்வளவு உரக்கக் கேட்கிறோமோ அவ்வளவு விரைவில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், ஜெபமும் ஒரு பேரமாகிக்கொண்டிருக்கிறது. கொடுத்தால் கிடைக்கும், இத்தனை மடங்கு கிடைக்கும் என்ற கணக்கு பிரசங்க மேடையில் ஏறிவிட்டது. சந்தையை நாற்பது ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சந்தைக்கு அதற்குரிய இடம் உண்டு, ஜெப அறை அந்த இடமன்று.

ஓய்வு பெற்றபின் நானும் அதிகாலையில் அரை மணி நேரம் பேசாமல் அமரப் பழகிவருகிறேன். பெரும்பாலான நாள்களில் எதுவும் நிகழ்வதில்லை. ஒளி எதுவும் தோன்றுவதில்லை. குரல் எதுவும் கேட்பதில்லை. தெருவில் பால்காரரின் வண்டிச் சத்தமும், முதல் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்தின் ஒலியும் கேட்கும். முன்பெல்லாம் அந்தப் பேருந்து என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அது கடக்கும்போது, அதில் அரைத் தூக்கத்தில் அமர்ந்திருப்பவர்களை நினைக்கிறேன். சின்னண்ணன் நடுப்பகலில் பிறருக்காக வேண்டியது இப்படித்தான் தொடங்கியிருக்கும் போலும்.